ஒரு லேபிள் குறைகிறது

மூன்றாவது தடவை எண்ணியபோதும் ஒன்று குறைந்தது.

எல்லோரும் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுகிற அவள், பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணை மூடி, நெற்றிப்பொட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். காலையில் அச்சடித்த லேபிள் நாலாயிரத்து நூறு. உறைகளில் ஒட்டியது நாலாயிரம். ஒட்டும்போது கெட்டுப்போய், கணக்குக்காகத் தனித் தாளில் ஒட்டி வைத்தது முப்பத்தேழு. ரோலில் மிச்சம் அறுபத்தொன்று. பதிவேட்டில் மாதிரிக்கு ஒட்டியது ஒன்று. கூட்டினால் நாலாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. முதல் தடவை கால்குலேட்டரைச் சந்தேகப்பட்டாள். இரண்டாவது தடவை தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள். மூன்றாவது தடவைக்குச் சந்தேகப்பட ஆளே மிச்சமில்லை.

ஒரே ஒரு லேபிள். இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. ஆனால் அது இருக்குமிடம் தெரியும்வரை இந்த அறையிலிருந்து ஒரு பெட்டியும் வெளியே போகக்கூடாது என்பது விதி. அந்த விதியைக் காக்கத்தான் அவளுக்கு இந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் சளி உறிஞ்சும் குழாய் செய்தார்கள். மூச்சுக்குழலில் சளி அடைத்தால் மருத்துவமனையில் உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான். பிறந்த குழந்தைக்கு ஓர் அளவு, பெரியவர்களுக்கு ஓர் அளவு. ஒவ்வொரு குழாயும் தனி உறையில் போகும். உறைக்கு ஒரு லேபிள். அதில் அளவு, பேட்ச் எண், செய்த தேதி, கடைசித் தேதி, ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாதே என்ற குறி எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அந்த எறும்புகளை லென்ஸ் வைத்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவதுதான் அவள் வேலை. பூதக்கண்ணாடி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள்.

மணி இரண்டு நாற்பது. ஐந்து மணிக்கு லாரி. அந்த லாரி பெட்டிகளைக் கிருமி நீக்கும் ஆலைக்குக் கொண்டுபோகும். அதை விட்டால் அங்கே அடுத்த இடம் மூன்று நாள் கழித்துத்தான்.

அவள் எழுந்தாள். காலையிலிருந்து நின்றும் உட்கார்ந்தும் முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி ஆகியிருந்தன. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் லைன் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தொப்பி, வெள்ளை அங்கி, முகமூடி போட்ட எட்டுப் பெண்கள் வரிசையாக நின்று, பெரியவர்களுக்கான குழாயைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கண் மட்டும்தான் வெளியே தெரியும். ஆனாலும் வரிசையின் தலையில் நிற்பவள் யார் என்று பின்னாலிருந்து பார்த்தாலே அவளுக்குத் தெரியும். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, உலகத்தையே வேலை வாங்குகிற அந்த நிலை அவள் வீட்டு அடுக்களையிலும் அதே மாதிரிதான் இருக்கும்.

லைன் லீடர். அவள் கணவனின் தங்கை. அவளுக்கு நாத்தனார்.

கதவைத் தட்டி, வா என்று கையைக் காட்டினாள். நாத்தனார் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"என்ன அண்ணி?"

"காலைல ஓடின பேட்ச்ல ஒரு லேபிள் குறையுது."

"எண்ணிப் பாத்தீங்களா?"

"மூணு தடவை."

நாத்தனார் முகமூடியைக் கீழே இழுத்தாள். மூக்குமேல் அது பதிந்த கோடு சிவந்திருந்தது. "சின்னக் குழாய் லேபிளா?"

"ஆமா. பிறந்த குழந்தைக்கானது. நீ லைனைச் சுத்தம் பண்ணியாச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்க. எண்ணிட்டுத்தான போட்ட?"

நாத்தனார் லைன் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேபிள் மெஷின் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு பேட்ச் முடிந்து அடுத்தது தொடங்குமுன் பழைய லேபிளில் ஒன்றுகூட அறையில் இருக்கக்கூடாது. எண்ணி, கூட்டி, கணக்கு நேரானபிறகுதான் லைன் லீடர் கையெழுத்துப் போட வேண்டும். அதன்பிறகுதான் புது ரோலை மாட்ட வேண்டும்.

"மேனேஜர் வந்து நின்னாரு அண்ணி. மத்தியான பேட்ச் லேட்டாகுது, எண்ணுறத அப்புறம் எண்ணிக்கலாம், ஆரம்பிங்கன்னு சொன்னாரு. போட்டுட்டேன்."

"எண்ணாமலா?"

"என்னிக்காவது குறைஞ்சிருக்கா? நாலு வருஷமா ஒரு தடவையாவது குறைஞ்சிருக்கா, சொல்லுங்க."

"இன்னிக்குக் குறைஞ்சிருக்கு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் பதிவேட்டைப் பார்த்தார்கள். இருவர் மனதிலும் ஓடியது ஒன்றுதான். நாத்தனார் பேரில் ஏற்கெனவே இரண்டு மெமோ இருந்தது. ஒன்று, தோட்டைக் கழற்றாமல் அறைக்குள் வந்ததற்கு. இன்னொன்று, முப்பது நாள் உள்ள மாதத்துக்கு முப்பத்தொன்று என்று பெட்டியில் தேதி அடித்ததற்கு. மூன்றாவது வந்தால் வேலை போகும். முதல் இரண்டையும் எழுதியது யார் என்றால், இதோ நிற்கிறாளே, இந்த அண்ணிதான்.

கணவனை விட்டுவிட்டு ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நாத்தனார். வந்த மாதமே இந்த வேலையில் சேர்ந்தாள். மறு வருஷம் வீட்டில் சும்மா இருந்த அண்ணியையும் கையைப் பிடித்து இழுத்துவந்து சேர்த்துவிட்டாள். அண்ணி பரீட்சை எழுதி செக்கர் ஆகி, சேர்த்துவிட்டவளுக்கே மெமோ எழுதினாள். முதல் மெமோவுக்கு ஒரு வாரம் வீட்டில் பேச்சில்லை. இரண்டாவதுக்குப் பேச்சு இருந்தது, ஆனால் எல்லாம் 'செக்கர் மேடம் சாப்பிட்டாச்சா', 'செக்கர் மேடம் குளிக்கப் போறாங்களா' என்று போயிற்று. நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்லட்டுமா அண்ணி," நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "கெட்டுப்போனது முப்பத்தேழுன்னு இருக்குல்ல. முப்பத்தெட்டுன்னு போடுங்க. முடிஞ்சுது."

"தாள்ல முப்பத்தேழுதான ஒட்டியிருக்கு."

"கிழிஞ்சுபோச்சு, ஒட்ட முடியலன்னு எழுதுங்க. கிழியாதா என்ன?"

"கிழியும். ஆனா இது கிழிஞ்சதான்னு தெரியலயே."

"உங்களுக்கு எதுதான் தெரியும்! நான் சொல்றது மட்டும் தெரியாது." நாத்தனாரின் கண் கலங்கியது. அதை மறைக்க அவள் கோபத்தைத்தான் எடுத்துக்கொண்டாள். "இந்த வேலை இருக்கிறவரைக்கும்தான் நான் அந்த வீட்டுல சொந்தச் சாவி வச்சிருக்கிற ஆளு. இது போச்சுன்னா, போக இடமில்லாத தங்கச்சி. அது உங்களுக்குப் புரியுமா, செக்கர் மேடம்?"

புரிந்தது. முப்பத்தேழை முப்பத்தெட்டாக்க ஒரு பேனா போதும். அரை நொடி. அப்புறம் வீட்டுக்குப் போய், காலை வெந்நீரில் வைத்து, யாரோடும் பேசாமல் கண்ணை மூடி உட்காரலாம். அவள் உடம்பு முழுக்க அந்த அரை நொடியைக் கேட்டது.

ஆனால் அந்த லேபிள் கண்முன் வந்து நின்றது. பெரியவர்களுக்கான குழாய் உள்ள ஓர் உறைமேல் 'பிறந்த குழந்தைக்கு' என்று ஒட்டிக்கொண்டு அது எங்கேயோ போகிறது. எங்கோ ஒரு பிரசவ அறையில், அழாத ஒரு குழந்தைக்காக ஒரு நர்ஸ் அதை எடுக்கிறாள். பிரிக்கிறாள். உள்ளே இருப்பது பெரிய குழாய். நர்ஸுக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும், தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுப்பாள். அவ்வளவுதான். பத்து நொடி, பதினைந்து நொடி. அழாத குழந்தைக்கு அந்தப் பதினைந்து நொடியை யார் கொடுப்பது?

"தேடுவோம்," என்றாள். "முதல்ல தேடுவோம்."

லைனை நிறுத்தினார்கள். மெஷினை ஓட்டுகிற மெஷின் அண்ணன் விளக்கைப் பிடித்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் குப்புறப் படுத்தார். ஐம்பது தாண்டிய மனிதர். படுக்கத் தெரிந்த அளவுக்கு அவருக்கு எழத் தெரியாது. குப்பைத் தொட்டியை வெள்ளைத் துணியில் கொட்டிக் கிளறினார்கள். எட்டுப் பெண்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று, செருப்பின் அடியைக் காட்டினார்கள். அங்கியைக் கழற்றி உதறினார்கள். ஒருத்தி தொப்பியைக் கழற்ற, அதிலிருந்து ஒரு ஹேர்பின் விழுந்தது. "இதுக்கு ஒரு மெமோ போட்டுக்கோங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

"இங்க தூசிகூட இல்லம்மா," மெஷினுக்கு அடியிலிருந்து மெஷின் அண்ணன் குரல் கேட்டது. "யாராவது கையக் குடுங்க. இல்லன்னா என்மேலயும் ஒரு லேபிள ஒட்டி இப்படியே விட்டுடுங்க."

மேனேஜர் வந்தார். அறைக்குள் வர அங்கி போட வேண்டுமென்பதால் வாசலிலேயே நின்று கழுத்தை மட்டும் நீட்டினார். "ஏன் லைன் நிக்குது?"

பூதக்கண்ணாடி சொன்னாள்.

"ஒரு லேபிளா? ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார்."

"சரி, கிழிஞ்சதுன்னு எழுதிட்டு ஆரம்பிங்கம்மா. லாரி வந்துடும்."

"எண்ணாம ஆரம்பிக்கச் சொன்னது நீங்கதான சார்," என்று நாத்தனார் குறுக்கே விழுந்தாள்.

"நான் எண்ணாதீங்கன்னா சொன்னேன்? சீக்கிரம் ஆரம்பிங்கன்னுதான் சொன்னேன். கையெழுத்து உன்னுது."

நாத்தனார் கையுறையைச் சுருட்டி மேசைமேல் எறிந்தாள்.

"அடுத்த வாரம் வெளியிலேர்ந்து ஆய்வுக்கு வர்றாங்க சார்," என்றாள் பூதக்கண்ணாடி. "புது விதிமுறை புத்தகத்த நேத்து நீங்கதான குடுத்தீங்க. எழுபது பக்கம். ராத்திரி உக்காந்து படிச்சேன். லேபிள் குறைஞ்சா, அதுக்கப்புறம் ஓடின பேட்ச் முழுக்கத் திறந்து பாக்கணும்னு போட்டிருக்கு. காலை பேட்ச் பெட்டியத் திறக்க வேண்டாம், அதுல ரெண்டு லேபிள் ஒட்டியிருந்தாலும் உள்ள இருக்கிறது சின்னக் குழாய்தான், ஆபத்தில்ல. மத்தியானம் கட்டினது நூத்திருபது பெட்டி. பெட்டிக்கு இருபத்தஞ்சு. மூவாயிரம் உறை. திறக்கணும்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் விட்டுக்கொடுக்கிற மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். தூக்கமின்மையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. "லாரியத் திருப்பி அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டு, கதவை அறையாமல் அறைந்த மாதிரி மூடிக்கொண்டு போனார்.

கட்டிய பெட்டியைப் பிரிப்பதைப்போல உயிரை வாங்குகிற வேலை உலகத்தில் இல்லை. நாடாவை வெட்டி, மூடியைத் திறந்து, இருபத்தைந்து உறையையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் திருப்பி, லேபிளைப் படித்து, மறுபடி அடுக்கி, பெட்டியின்மேல் சின்னதாக ஒரு கையெழுத்து. அப்புறம் அடுத்தது. காலையிலிருந்து பார்த்துப் பார்த்து அடுக்கியதையே மறுபடி எடுக்கும்போது, நாளே பின்னோக்கி ஓடுகிற மாதிரி இருந்தது.

நேரமாகிவிட்டதென்று நாலு பேர் கிளம்பினார்கள். நாலு பேர் நின்றார்கள். மேசையின் ஒரு பக்கம் பூதக்கண்ணாடி, எதிரே நாத்தனார். முப்பது பெட்டி வரைக்கும் இருவரும் பேசவில்லை. அடுக்குகிற சத்தத்தில்தான் சண்டை நடந்தது. நாத்தனார் ஒவ்வொரு பெட்டியையும் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.

ஐந்தரைக்கு நாத்தனாரின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். "உங்க வீட்டுக்காரர்தான். ரெண்டு பேரும் எப்ப வர்றீங்கன்னு கேக்கறாரு."

"என்ன சொன்ன?"

"உங்க பொண்டாட்டி மூவாயிரம் உறையப் பிரிச்சு வச்சிருக்காங்க, முடிஞ்சதும் என்னையும் பிரிச்சிட்டு வருவாங்கன்னு சொன்னேன்."

மெஷின் அண்ணன் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

"சோறாவது வைக்கச் சொன்னியா?"

"சொன்னேன். அரிசி எந்த டப்பால இருக்குன்னு கேட்டாரு. கல்யாணமாகி பதினோரு வருஷம். டப்பாமேல லேபிள் ஒட்டியிருக்கே, பாத்து எடுங்கன்னேன். அதையும் நீங்கதான ஒட்டி வச்சிருக்கீங்க."

அது உண்மைதான். வீட்டு டப்பாக்கள் எல்லாவற்றிலும் அவள் லேபிள் ஒட்டியிருந்தாள். நேர்கோட்டில், ஒரே உயரத்தில். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் காலாலேயே நேராக்கிவிட்டுத்தான் உள்ளே போவாள். சுவரில் நாட்காட்டி சாய்ந்திருந்தால் சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோவாள். அது அவள் யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

அறுபது பெட்டி. எழுபது. கண் எரிந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எல்லா உறையிலும் பெரியவர்களுக்கான லேபிள்தான். சின்னக் குழாய் லேபிளின் ஓரத்தில் நீலக் கோடு ஒன்று இருக்கும். அந்த நீலம் மட்டும் கண்ணில் படவே இல்லை.

எழுபத்தாறாவது பெட்டியில் அவள் நிறுத்தினாள். எத்தனை முடிந்தது என்று மணிக்கொரு தடவை பதிவேட்டில் எழுத வேண்டும். தன் அறையில் இருந்த மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தாள். களைப்பில் பக்கத்தைத் தவறிப் புரட்டிவிட்டாள். காலை பேட்சின் முதல் பக்கம் வந்தது. அங்கே மாதிரி லேபிள், நீலக் கோட்டோடு, நூல் பிடித்த மாதிரி நேராக ஒட்டியிருந்தது.

பக்கத்தைத் திருப்பப் போன விரல் அதன்மேல் பட்டது. நின்றது.

நாள் முழுக்க லேபிளைத் தடவுகிற விரல் அது. லேபிளின் கனம் எவ்வளவு என்று அதற்குக் கண்ணைவிட நன்றாகத் தெரியும். இது கனமாக இருந்தது. ஓரத்தில் மெல்லிய ஒரு படி. மேல் லேபிளுக்கு அடியில், கொஞ்சம் சாய்வாக, இன்னொரு விளிம்பு.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

காலை எட்டு மணிக்கு எட்டுப் பெண்களையும் நிற்க வைத்து, புதுப் புத்தகத்தில் படித்ததை அவள்தான் சொன்னாள். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. வெள்ளை மை கூடாது. ஒரு லேபிள்மேல் இன்னொரு லேபிள் ஒட்டவே கூடாது, அடியில் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். எட்டேகாலுக்கு மெஷினைப் போட்டார்கள். எண்ணெய் எடுக்க மெஷின் அண்ணன் வெளியே போனார். முதல் லேபிளை எடுத்து இந்தப் பக்கத்தில் ஒட்டினாள். கொஞ்சம் கோணலாக விழுந்தது. எழுபது பக்கம் படித்த தூங்காத கண்ணை அந்தக் கோணல் குத்தியது. மெஷின் வாயில் தொங்கிய அடுத்த லேபிளைக் கை எடுத்தது. அதன்மேல், நேராக, ஒட்டியது. அவ்வளவுதான். செருப்பை நேராக்குகிற மாதிரி. நாட்காட்டியை நேராக்குகிற மாதிரி. மனதில் பதியக்கூட இல்லை.

பக்கத்து அறையில் பெட்டி பிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பத்து நாலு பெட்டி.

அவள் நகத்தால் மேல் லேபிளின் ஓரத்தை மெல்ல நெம்பினாள். மேலே இருப்பதை உரித்து, மெஷின் பக்கமாகக் கீழே போட்டு, 'இதோ கிடைச்சிடுச்சு' என்றால் போதும். கணக்கு நேராகிவிடும். நாத்தனாருக்கு மெமோ இல்லை. தனக்கும் ஒன்றும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. லேபிள் உரியவில்லை. துணுக்குத் துணுக்காகப் பிய்ந்தது. ஒருவரும் உரித்து வேறு உறைமேல் ஒட்டிவிடக்கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருந்தார்கள். அந்த வகை லேபிள்தான் வேண்டுமென்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடம்பிடித்து வாங்க வைத்ததும் அவள்தான்.

நகத்தில் ஒட்டிய துணுக்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். துடைத்துக்கொண்டாள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

"நிறுத்துங்க."

நாலு பேரும் நிமிர்ந்தார்கள். மெஷின் அண்ணன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"கிடைச்சிடுச்சு. இதுக்கு அடியில இருக்கு." பக்கத்தை விரித்து மேசைமேல் வைத்தாள். "முதல்ல ஒட்டினது கோணலாப் போச்சு. மேல இன்னொண்ண ஒட்டியிருக்கேன். நான்தான் ஒட்டினேன்."

நாத்தனார் மேசையைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். நிமிர்ந்தாள்.

"நீங்களா?"

"நான்தான்."

"லேபிள் மேல லேபிளா?"

"ஆமா."

"காலைல எங்க எட்டுப் பேரையும் நிக்க வச்சுப் பாடம் எடுத்துட்டு…"

"ஆமாம்மா. அதுக்கப்புறம்தான்."

நாத்தனாரின் உதடு துடித்தது. திட்டப் போகிறாளா, அழப் போகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. கடைசியில், "எழுபத்தாறு பெட்டி அண்ணி!" என்று மட்டும் வந்தது. "எழுபத்தாறு பெட்டி!" பிரித்த பெட்டிகளுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். களைத்தவர்களின் சிரிப்பு அப்படித்தான், ஒருவர் ஆரம்பித்தால் நிற்காது. மெஷின் அண்ணன் பெட்டியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மெஷினுக்கு அடியில படுத்தேனேம்மா. அத மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க."

மேனேஜர் வந்தார். இந்தத் தடவை அங்கி போட்டுக்கொண்டு உள்ளேயே வந்தார். பதிவேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் நீலக் கோடு நிழலாகத் தெரிந்தது. நாலாயிரத்து நூறு சரியாகப் போயிற்று.

"அப்ப முடிஞ்சுது," என்றார். "எல்லாத்தையும் கட்டுங்க."

"எழுதணும் சார்," என்றாள் பூதக்கண்ணாடி. எழுதி வைத்திருந்த தாளை நீட்டினாள். மாதிரி லேபிளை மறைத்து ஒட்டியது செக்கர். அது ஒரு வரி. அடுத்த வரி: மேலாளர் வந்து அவசரப்படுத்தியதால், லேபிள் எண்ணுவதைத் தள்ளிப்போட்டு லைன் தொடங்கப்பட்டது.

மேனேஜர் இரண்டாவது வரியில் நின்றார். "இத எழுதணுமா?"

"நடந்தத எழுதணும் சார். என்னுதையும் எழுதியிருக்கேனே."

அவர் நாத்தனாரைப் பார்த்தார். அவள் தரையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். லாரி போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. "எப்படியோ ஒண்ணும் தொலையல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். லைன் லீடருக்கு மெமோ எழுதச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டார். பிறகு தயங்கினார். "பதிவேட்ட மறைச்சா செக்கருக்கு…"

"ஆறு மாசம் செக்கர் வேலை கிடையாது. நாப்பத்தி நாலாம் பக்கம்."

"தெரியுமா?"

"ராத்திரிதான் படிச்சேன் சார்."

பெட்டிகளைத் திரும்பக் கட்ட ஏழரை ஆனது. பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் இருவர் மட்டும்தான். விளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் வண்டிகள் போவதைப் பார்த்தார்கள்.

"உரிச்சுக் கீழ போட்டுட்டு, கிடைச்சிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் நாத்தனார்.

"உரிச்சுப் பாத்தேன். வரல."

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "நிஜமாவா?"

"நிஜமா."

"அப்பாடி," என்றாள் நாத்தனார். "நீங்களும் மனுஷிதான்." சிறிது நேரம் கழித்து, "வந்திருந்தா?" என்றாள்.

பூதக்கண்ணாடி யோசித்தாள். "தெரியல," என்றாள். அதுதான் உண்மை.

"நாளைக்கு எட்டு மணிக்கு என் லைன்ல நிக்கணும். தோடு கழட்டிட்டு வரணும்."

"தெரியும்மா."

"அங்க அண்ணின்னு கூப்பிட மாட்டேன். வேலை செய்யற எடத்துல சொந்தம் கிடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க, ரெண்டாவது மெமோ எழுதினப்ப?"

"சொன்னேன்."

"கால் வலிக்குதுன்னு உக்காரக் கூடாது." பேருந்து திரும்புகிற வெளிச்சம் தெரிந்தது. நாத்தனார் பையைத் தோளில் மாட்டினாள். "ரொம்ப வலிச்சா சொல்லுங்க. கடைசி மேசையில ஒரு ஸ்டூல் இருக்கு."

பேருந்தில் கூட்டமில்லை. உட்கார்ந்த உடனே நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். எதிர் ஜன்னலுக்கு மேலே 'கையை வெளியே நீட்டாதீர்கள்' என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தாழ்ந்து, நல்ல கோணல். பூதக்கண்ணாடி அதைப் பார்த்தாள். வேறு பக்கம் பார்த்தாள். மறுபடி அதையே பார்த்தாள். மடியிலிருந்த கை மெதுவாக எழுந்தது.

"விடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார், கண்ணைத் திறக்காமலே.

கை மடிக்குத் திரும்பியது.